பம்ப், ஸ்பேசர், பல்லாங்குழி: பிள்ளைகளின் ஆஸ்துமா பற்றி வாசகர் கேள்விகள்

ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு அதைச் சமாளிக்கும் வழியை விளையாட்டின் மூலம் கற்றுத்தருவது பற்றிக் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கேள்விகள் இம்மாதம் இடம்பெறுகின்றன. மருந்தின் வகையும் அளவும் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். அவற்றில் மட்டும் உங்கள் மருத்துவர் எழுதித் தந்த திட்டத்தாளை விட்டு விலகாதீர்கள்.

மகனுக்கு ஆறு வயது, முதலாம் ஆண்டு படிக்கிறான். இரண்டு வகை பம்ப் (இன்ஹேலர்) கொடுத்திருக்கிறார்கள். கிளினிக்கில் தாதி, “விளையாட்டு மாதிரி சொல்லிக்கொடுங்கம்மா, பிடிச்சுக்குவான்” என்றார். எங்கே தொடங்குவது? கைபேசியில் ஏதாவது விளையாட்டு இறக்க வேண்டுமா?
வாசகி, செந்தூல்

கைபேசி வேண்டாம் அம்மா. மூச்சுக்குழாய் ஒன்றை அவனே கையால் செய்யட்டும். எழுதுபொருள் கடையில் விற்கும் மெல்லிய ஃபோம் தாள், விளையாட்டுக் களிமண், இரண்டு மூன்று ரப்பர் வளையங்கள், ஒரு கோலிக்குண்டு போதும். ஃபோம் தாளை 12 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரத்துக்கு வெட்டுங்கள். அகலவாக்கில் சுருட்டி, ஓரம் 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியும்படி டேப் ஒட்டினால் 3 செ.மீ. வாயுள்ள குழாய் கிடைக்கும். கோலியைப் போட்டால் தடையின்றிக் கீழே விழும். கோலிதான் காற்று. நெஞ்சு நன்றாக இருக்கும் நாளின் மூச்சுக்குழாய் இது.

இனி குழாயின் உள்பக்கம் களிமண்ணை அரை செ.மீ. கனத்துக்குச் சுற்றிலும் அப்பச் சொல்லுங்கள். இது உட்சுவரின் வீக்கம். கோலி உரசிக்கொண்டு இறங்கும். வெளியே ரப்பர் வளையத்தை இறுக்கிப் போடுங்கள். குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுவது இப்படித்தான். கோலி நின்றுவிடும். உள்ளே கொஞ்சம் பசையும் விட்டால் சளியும் வந்தாயிற்று. ஆஸ்துமாவில் நடக்கும் மூன்றும் இப்போது அவன் கையில் இருக்கின்றன.

ஆட்டம் இனிமேல்தான். நீல பம்பைக் காட்டி, “இது இதில் எதைச் சரிசெய்யும்?” என்று கேளுங்கள். அதிலுள்ள சல்பியூட்டமால் தசையைத் தளர்த்தும். ஆகவே அவன் கழற்ற வேண்டியது ரப்பர் வளையத்தை. மருந்து சில நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கும், நான்கு மணி நேரம்போலத் தாங்கும். கோலி விழுந்துவிடும். ஆனால் களிமண் அப்படியே இருக்கிறதே! அதைக் குறைப்பது தடுப்பு பம்ப். தினமும் அந்த பம்ப் எடுத்ததும் ஒரு கிள்ளு களிமண்ணை அவன் எடுக்கட்டும். மறந்த நாளில் ஒரு கிள்ளைத் திரும்ப அப்ப வேண்டும். களிமண் தீர நாளாகும். தடுப்பு மருந்தும் அப்படியே, நாள் கணக்கில், வாரக் கணக்கில் வேலை செய்கிறது. “இழுப்பே இல்லையே, ஏன் பம்ப் அடிக்கணும்?” என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். அதற்கு இதைவிடத் தெளிவான பதில் எங்களுக்குத் தெரியாது.

ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். நீங்கள் விளக்கி முடித்தால் பாடம் முடிந்ததாகாது. அவன் குழாயை எடுத்துக்கொண்டு போய்ப் பாட்டிக்கோ பக்கத்து வீட்டுப் பையனுக்கோ சொல்லிக்காட்ட வேண்டும். எந்த இடத்தில் தடுமாறுகிறானோ, மறுநாள் அந்த இடத்தில் தொடங்குங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கோலியை எண்ணி எடுத்து வைத்துவிடுங்கள். பம்பின் நிறத்தை மட்டும் நம்பவும் பழக்காதீர்கள். தடுப்பு மருந்துகள் பழுப்பு, ஆரஞ்சு, ஊதா என்று பல நிறத்தில் வருகின்றன. மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டி வாசிப்பதும் ஆட்டத்தில் சேரட்டும்.

நான்கு வயது மகள். பம்பில் பொருத்தும் பிளாஸ்டிக் குழலான ஸ்பேசரின் முகமூடியைக் கண்டதும் அழுது ஓடுகிறாள். இரண்டு பேர் பிடித்துக்கொண்டுதான் கொடுக்கிறோம். தூங்கும்போது கொடுத்துவிடலாமா?
வாசகி, பிறை

வேண்டாம். முகமூடி பட்டதும் பெரும்பாலும் விழித்துக்கொள்வாள், பயம் இரட்டிப்பாகும். அழும் பிள்ளைக்கு மருந்து போய்ச் சேர்வதும் குறைவு. நீண்ட மூச்சை வெளியே விட்டுவிட்டுச் சடக்கென்று இழுக்கும்போது மருந்து வாயிலும் தொண்டையிலுமே படிந்துவிடும்.

இழுப்பு இல்லாத நேரத்தில், பம்பே பொருத்தாமல் ஸ்பேசரைப் பொம்மைகளோடு கூடையில் போட்டுவிடுங்கள். முதலில் கரடிக்கு இழுப்பு. அவள்தான் டாக்டர். கரடியின் மூக்கும் வாயும் மூடும்படி முகமூடியை வைத்து, ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ண வேண்டும். அடுத்து அப்பாவுக்கு, பிறகு உங்களுக்கு, கடைசியில் அவளுக்கு. ஒருநாள் கன்னத்தில் மட்டும் தொடட்டும், இன்னொரு நாள் மூக்கில் இரண்டு எண்ணிக்கை. ஐந்து வந்த பிறகே பம்பைப் பொருத்துங்கள். உங்கள் மடியில், முகம் வெளியே பார்க்க, நிமிர்ந்து உட்காரட்டும். முகமூடியை அவள் பிடிக்க, அவள் கைமேல் உங்கள் கை இருக்கட்டும். ஓரத்தில் சின்ன இடைவெளி இருந்தாலும் மருந்து அவ்வழியே போய்விடும். ஸ்பேசரின் வால்வு ஒவ்வொரு மூச்சுக்கும் அசையும், அது அசைவதை அவளே பார்த்து எண்ணினால் அழ நேரம் இருக்காது.

பழக நாளாகலாம். அதுவரை மருந்தை நிறுத்த முடியாது. வேளைக்குரியதைச் சுருக்கமாகக் கொடுத்து முடியுங்கள், திட்ட வேண்டாம். வாயில் வைத்து நன்றாக மூச்சுவிடத் தெரிந்ததும் முகமூடி தேவைப்படாது. பல பிள்ளைகளுக்கு இது நான்கைந்து வயதில் கைவரும்.

மகனுக்கு ஒன்பது வயது. ஆஸ்துமாவைப் பற்றி எது கேட்டாலும் பதில் சொல்கிறான். ஆனால் பம்ப் அடிக்கும்போது ஸ்பேசரில் மூன்று தடவை தொடர்ந்து அழுத்திவிட்டு இரண்டு மூச்சு இழுத்துவிட்டு ஓடிவிடுகிறான். எப்படித் திருத்துவது?
வாசகர், கெப்போங்

வாய்க்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. நிறையப் பிள்ளைகள் இப்படித்தான், பெரியவர்களும்தான். இவனுக்குக் கேள்வி-பதில் விளையாட்டு பயன்படாது. கையால் செய்யும் விளையாட்டுதான் வேண்டும்.

முதலில் சரியான வரிசை. நிமிர்ந்து நிற்க வேண்டும் அல்லது உட்கார வேண்டும். பம்பின் மூடியைக் கழற்றி உள்ளே தூசு உண்டா என்று பார்க்க வேண்டும். நன்றாகக் குலுக்கி ஸ்பேசரின் பின்பக்கம் பொருத்த வேண்டும். மெல்ல மூச்சை வெளியே விட்டு, ஸ்பேசரின் வாயைப் பற்களுக்கு நடுவே வைத்து உதட்டால் இறுக மூட வேண்டும். ஒரே ஒரு முறை அழுத்தி, மெதுவாக ஐந்து மூச்சு இழுத்துவிட வேண்டும். அடுத்த பஃப் (ஒரு அழுத்தில் வரும் மருந்து) தேவையென்றால் அரை நிமிடம் பொறுத்து, குலுக்குவதிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். தடுப்பு பம்ப் என்றால் கடைசியில் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இந்தப் படிகளைத் தனித்தனி அட்டையில் அவனையே வரையச் சொல்லிக் கலைத்துப் போடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடுக்க வேண்டும்.

அதைவிடப் பலன் தருவது “தப்பைப் பிடி”. தீர்ந்துபோன பம்பை எடுத்து நீங்கள் அடித்துக் காட்டுங்கள், வேண்டுமென்றே ஒரு தப்போடு. தப்பைப் பிடித்தால் ஒரு புள்ளி, அது ஏன் தப்பு என்று சொன்னால் இரண்டு. குலுக்காவிட்டால் மருந்தும் அதைத் தள்ளும் வாயுவும் சரியாகக் கலந்திருக்காது, அளவு கூடக்குறைய வரும். தொடர்ந்து மூன்று முறை அழுத்தினால் துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாகி ஸ்பேசரின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மூன்று பஃப் என்று நினைத்து அடித்தாலும் நுரையீரலுக்குப் போவது அதைவிடக் குறைவு. அழுத்திவிட்டுத் தாமதித்தால் மருந்து அடியில் படிந்துவிடும். ஸ்பேசர் விசில் அடித்தால் வேகமாக இழுக்கிறோம் என்று பொருள். பிள்ளைகள் சிலர் அந்தச் சத்தத்துக்காகவே வேகமாக இழுப்பார்கள், கவனியுங்கள். கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளைப் படலம் வரலாம், குரல் கம்மலாம். இரண்டு வாரம் கழித்து இடம் மாறுங்கள். அவன் தப்போடு செய்யட்டும், நீங்கள் பிடியுங்கள். வேண்டுமென்றே தப்புச் செய்யச் சரியானது கைக்குப் பழகியிருக்க வேண்டும். இதையும் மருந்து இல்லாத பம்பில்தான் விளையாட வேண்டும்.

ஸ்பேசர் கழுவுவதையும் அவனிடமே விடுங்கள். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, பதினைந்து நிமிடம் ஊறவைத்து, உதறி, தானாகக் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தைச் சுவர் பிடித்துக்கொள்ளும். வாய் வைக்கும் பகுதியை மட்டும் நல்ல நீரில் அலசினால் போதும்.

சளி, தூசு என்றால் சரி. வீட்டில் சாம்பிராணியே போடக் கூடாது என்கிறாள் மருமகள். பேத்திக்கு ஏழு வயது, பரமபதம் என்றால் உயிர். அதை வைத்து அவளுக்கு ஏதாவது சொல்லிக்கொடுக்க முடியுமா?
ஒரு பாட்டி, ஆயர் ஈத்தாம்

மருமகள் சொல்வது சரிதான் அம்மா. சாம்பிராணி, ஊதுவத்தி, கற்பூரம், கொசுவத்திச் சுருள் எல்லாவற்றின் புகையும் வீங்கிய மூச்சுக்குழாயைச் சீண்டும். பூவும் சின்ன அகலும் வைத்து ஜன்னலைத் திறந்துவிட்டால் பூசைக்கு ஒரு குறையும் வராது. சிகரெட்டும் வேப் எனும் மின்சிகரெட்டும் பால்கனியில் நின்று பிடித்தாலும் தீங்குதான். அந்தப் புகை சட்டையோடு உள்ளே வருகிறது.

பரமபதம் நல்ல யோசனை. பலகையின் பாம்புகள்மேல் பேத்தியின் நெஞ்சைச் சீண்டும் பொருள்களை எழுதி ஒட்டுங்கள். புகைமூட்டம், டிங்கிக்காகத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) அடிக்கும் கொசுப்புகை, மெத்தைத் தூசு, பூனைமுடி, சளிக்காய்ச்சல் என்று ஐந்தாறு போதும், அவளுக்கு உண்மையில் ஒத்துக்கொள்ளாதவை மட்டும். ஏணிகளில் அவள் செய்யக்கூடியவை: தடுப்பு பம்ப் எடுத்தது, ஆசிரியரிடம் சொன்னது, ஓடும்முன் உடலைச் சூடேற்றியது, தலையணை உறையை மாற்றியது.

ஒரு விதியைச் சேர்த்தால்தான் இது பாடமாகும். பாம்பின் வாயில் வந்ததும் பத்து எண்ணுவதற்குள் என்ன செய்வாள் என்று சொல்லிவிட்டால் இறங்க வேண்டியதில்லை. கொசுப்புகை வண்டி வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளறைக்குப் போவேன் என்றால் சரி. துணிக்கரடியில் தூசு என்றால் கரடியை ஒருநாள் ஃபிரீசரில் வைத்துத் துவைப்பேன் என்றால் மிகச் சரி, குளிரில் தூசுப்பூச்சி சாகும், துவைத்தால் அதன் கழிவு போகும். சளிக்காய்ச்சலை விலக்க முடியாது. அதற்குப் பதில், “அம்மாவிடம் சொல்லி மஞ்சள் பக்கத்தைப் பார்ப்பேன்” என்பதே. திட்டத்தாளில் நலம் குறையும்போது செய்ய வேண்டியது மஞ்சளில்தான் எழுதியிருக்கும். பிள்ளைகளுக்கு இழுப்பைத் தொடக்குவதில் இந்தச் சளிதான் முதலிடம், இந்தப் பாம்பை மட்டும் நீளமாக வரையுங்கள்.

இரண்டைப் பாம்பாக்காதீர்கள். ஒன்று ஓட்டமும் விளையாட்டும். நோய் கட்டுக்குள் இருக்கும் பிள்ளை ஓடலாம், நீந்தலாம், அதை ஏணியாகவே போடுங்கள். இன்னொன்று ஐஸ், வாழைப்பழம் போன்ற சாப்பாடு. ஒவ்வாமை என்று மருத்துவர் உறுதிசெய்தாலொழியப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு உணவு காரணமில்லை. வீணாகப் பயந்து சாப்பிடாமல் போவார்கள்.

புகைமூட்டக் காலத்தில் தினமும் சுற்றுச்சூழல் துறை வெளியிடும் ஐ.பி.யு. எண்ணை (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை) படிப்பது அவள் வேலையாகட்டும். 50 வரை நன்று, 100 வரை மிதம். 101-இலிருந்து 200 வரை ஆரோக்கியமற்றது, 300 வரை மிகவும் ஆரோக்கியமற்றது, அதற்கு மேல் அபாயம். எண்ணுக்கேற்ற நிறத்தில் துணிக்கிளிப் ஒன்றை நாட்காட்டியில் மாட்டலாம்.

பத்து வயது மகனுக்கு ஸ்டார் அட்டவணை போட்டேன். வாரம் முழுதும் நீல பம்ப் எடுக்காமல் இருந்தால் பரிசு. இரண்டு மாதம் வரிசையாக ஸ்டார் வாங்கினான். பிறகுதான் தெரிந்தது, இரவில் இருமுவதை மறைத்திருக்கிறான். நான் எங்கே தவறினேன்?
வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

உங்கள் அக்கறையில் குறையில்லை அம்மா, புள்ளி வைத்த இடத்தில்தான் பிழை. இழுப்பு வருவதும் வராததும் அவன் கையில் இல்லை. அதற்குப் பரிசு வைத்தால் அவன் கையில் இருப்பது ஒன்றுதான்: சொல்லாமல் இருப்பது. ஆஸ்துமாவில் இதைவிட ஆபத்தான பழக்கம் இல்லை. பிள்ளை எதைச் செய்ய முடியுமோ அதற்குத்தான் புள்ளி கொடுக்க வேண்டும், நெஞ்சு எப்படி இருந்தது என்பதற்கு ஒருபோதும் கூடாது.

ஆகவே அட்டவணையை மாற்றிவிடுங்கள். தடுப்பு பம்பை நேரத்துக்குச் சரியாக எடுத்தால் ஒரு ஸ்டார். “இன்றைக்கு நெஞ்சு இறுக்கமா இருக்கும்மா” என்று தானாக வந்து சொன்னால் இரண்டு. இரவில் இருமல் வந்து உங்களை எழுப்பினால் மூன்று. நீல பம்புக்குப் புள்ளியும் வேண்டாம், தண்டனையும் வேண்டாம். எடுத்தால் நாட்காட்டியில் ஒரு கோடு, அவ்வளவுதான். நான்கு வாரத்தைத் திரும்பிப் பார்க்கும்போது, வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் நீல பம்ப், இருமலால் இரவில் விழிப்பு, ஓட முடியாமல் நின்றது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நோய் முழுக் கட்டுப்பாட்டில் இல்லை. அந்தத் தாளோடு கிளினிக்குக்குப் போங்கள்.

தடுப்பு பம்ப் மறக்காமலிருக்கப் பல்லாங்குழியைக் கொண்டுவாருங்கள், அதைப் போன்ற மலாய் விளையாட்டான சொங்காக்கின் பலகையானாலும் சரி. இரண்டு பக்கமும் ஏழு ஏழு குழி உள்ள பலகை இதற்கென்றே செய்ததுபோல் பொருந்தும். ஒரு பக்கம் ஏழு நாளின் காலை, மறுபக்கம் ஏழு நாளின் இரவு. வேளைக்கு இரண்டு பஃப் என்றால் குழிக்கு இரண்டு சோழி, வாரத்துக்கு 28. ஒவ்வொரு பஃப் முடிந்ததும் ஒரு சோழியை எடுத்துத் தனிக் கிண்ணத்தில் போட வேண்டும். ஞாயிறு மாலை பலகை காலியாக வேண்டும், இரவுக்குழி ஒன்றைத் தவிர. மிச்சமிருந்தால் எந்த நாள், எந்த வேளை தவறியது என்று பலகையே காட்டும். பல வீடுகளில் அது வெள்ளி, சனி இரவாக இருக்கும். விட்டுப்போனதைச் சேர்த்து மொத்தமாக அடிக்கக் கூடாது.

இதே கணக்கில் பம்ப் தீரும் நாளும் தெரியும். 120 பஃப் உள்ளது, நாளுக்கு நான்கு என்றால் 30 நாள். அதன் பிறகும் அழுத்தினால் புகைபோல ஏதோ வரும், அது பெரும்பாலும் வாயுதான். எண் காட்டும் பம்ப் இல்லையென்றால் சோழிக்கணக்கையே நம்புங்கள். தண்ணீரில் மிதக்கிறதா என்று பார்க்கும் பழைய முறை நம்பத்தக்கதல்ல.

தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு வகுப்பாசிரியர். 30 மாணவர்களில் மூவருக்கு ஆஸ்துமா. அரை மணி நேர விளையாட்டாக வகுப்பு முழுவதற்கும் என்ன சொல்லித்தரலாம்?
வாசகர், பட்டர்வொர்த்

வகுப்பின் மூன்று மூலையில் பச்சை, மஞ்சள், சிவப்புத் தாள் ஒட்டுங்கள். நீங்கள் ஒரு நிலையைச் சொல்ல, மாணவர்கள் உரிய மூலைக்கு நடந்து போக வேண்டும். “ஓடுகிறான், சிரிக்கிறான், இரவில் நன்றாகத் தூங்கினான்” என்றால் பச்சை. “இருமுகிறான், நெஞ்சு இறுக்கம் என்கிறான்” என்றால் மஞ்சள். “ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை, கழுத்துக்குழியும் விலாவும் உள்ளே இழுக்கின்றன, உதடு நீலம்” என்றால் சிவப்பு. கடைசியில் ஒரு கடினமான நிலை: “மூச்சில் கேட்ட விசில் சத்தம் நின்றுவிட்டது, ஆனால் சோர்ந்து கிடக்கிறான்.” பெரும்பாலோர் பச்சைக்குப் போவார்கள். அது சிவப்பிலும் சிவப்பு. காற்று போகவே வழியில்லாதபோது சத்தமும் வராது.

அடுத்தது நான்கு நான்காக முதலுதவி. நோயாளியாக நீங்களே நடியுங்கள். ஆஸ்துமா உள்ள மூவரில் யாரையும் நடிக்கவைக்காதீர்கள், பெயரையும் சொல்லாதீர்கள். நிமிர்ந்து உட்காரவைக்க வேண்டும், படுக்கவைக்கக் கூடாது. நீல பம்பைக் குலுக்கி ஸ்பேசரில் ஒரு பஃப், நான்கு மூச்சு. இப்படி நான்கு பஃப். நான்கு நிமிடம் பார்க்க வேண்டும். தேறாவிட்டால் இன்னும் நான்கு. அப்போதும் தேறாவிட்டால் 999, ஆம்புலன்ஸ் வரும்வரை இதையே தொடர வேண்டும். சிவப்பு அறிகுறி தெரிந்தால் காத்திராமல் உடனே 999 அழைத்துவிட்டு பஃப் கொடுங்கள். அந்த மாணவரின் திட்டத்தாளில் வேறு எண்ணிக்கை இருந்தால் அதுவே சரி. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளின் வேலை பம்ப் அடிப்பதல்ல. ஒருவர் கூடவே இருக்க, ஒருவர் பம்பை எடுத்துவர, ஒருவர் ஆசிரியரைக் கூப்பிட. இந்த மூன்று பங்கையும் மாற்றி மாற்றி ஒத்திகை பாருங்கள்.

அந்த ஒத்திகையில் பம்ப் இருக்குமிடத்துக்கு உண்மையாகவே ஓடிப் பாருங்கள். அலுவலகத்தில் பூட்டிய அலமாரியில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். உடற்கல்வி நேரத்தில் திடலுக்குக் கூடவே வர வேண்டும்.

இழுப்பின்போது மூச்சு எப்படித் திணறும் என்று உணர, உறிஞ்சுகுழலில் மூச்சுவிட்டுப் பார்க்கும் சோதனையை மற்ற மாணவர்கள் அரை நிமிடம் செய்யலாம், அந்த மூவருக்கும் வேண்டாம்.

பலூன் ஊதினால் ஆஸ்துமா குணமாகுமா? மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃபுளோ மீட்டரை அண்ணன் தம்பி போட்டியாக ஊதலாமா? கணினி விளையாட்டுகள் உண்மையில் உதவுகின்றனவா?
வாசகர், ஜெலுத்தோங்

பலூன் ஊதுவது விளையாட்டு, மருந்தல்ல. வீக்கத்தை அது குறைக்காது.

பீக் ஃபுளோவில் அண்ணன் தம்பி போட்டி கூடாது. அந்த எண் உயரத்தைப் பொறுத்தது, தம்பி எப்போதும் தோற்பான். அவனவன் சொந்த உச்ச எண்ணோடுதான் போட்டி. உச்சம் 200 என்றால் 160-க்கு மேல் பச்சை, 100 முதல் 160 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. நின்றுகொண்டு, மூச்சை முழுக்க இழுத்து, ஒரே ஊதாக மூன்று முறை ஊதி, மூன்றில் பெரியதை எழுதுங்கள். துப்புவதுபோல ஊதினாலும் இருமினாலும் எண் பொய்யாக உயரும், நாக்கு மறைத்தால் குறையும். ஐந்தாறு வயதுக்கு முன் இது சரியாக வராது.

கணினி விளையாட்டு புதிதல்ல. ஆஸ்துமா உள்ள இரண்டு டைனோசர்களைக் காக்கும் “பிராங்கி த பிராங்கியாசாரஸ்” என்ற விளையாட்டு 1995-இலேயே சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்தது. புகையையும் தூசையும் விலக்கி, தினமருந்தை எடுத்துக்கொண்டே முன்னேற வேண்டும். இத்தகைய விளையாட்டுகளால் பிள்ளைகளின் அறிவு கூடுகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. மருத்துவமனைக்குப் போவது குறைகிறதா என்பதில் முடிவுகள் ஒன்றுபோல இல்லை. திரையில் பொத்தானை அழுத்தினால் டைனோசர் மருந்து எடுத்துக்கொள்கிறது, பிள்ளைக்கோ குலுக்கவும் உதட்டை மூடவும் ஐந்து மூச்சு எண்ணவும் தெரிய வேண்டும். விளையாடட்டும், முடிந்ததும் ஸ்பேசரைக் கையில் கொடுத்து ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.